தாகம் எடுத்தால் கள்ளுக்கடைக்கு வா

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புதுக் கிராணி போன வாரம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. கஞ்சி போட்ட சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“ஐயா, கள்ளுக்கடைக்குள்ள ஒருத்தன் வந்து, வாங்கவும் மாட்டேன், போகவும் மாட்டேன்னு உக்காந்தா என்ன செய்யறது? ரூல்ல வெளிய அனுப்பச் சொல்லியிருக்கு.”

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். பாவம், அந்தப் பிள்ளை தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து எழுந்து நின்றார். உட்காருங்கள் தம்பி, இது பெரிய கதை என்றேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லாததையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் பினாங்கு டவுனில் ஒரு கள்ளுக்கடையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். வெளியே சொல்லக் கூச்சமில்லை. கல்யாணத்தின்போதுதான் கொஞ்சம் கூச்சம் இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் என் தாய்மாமன், “மாப்பிள்ளைக்கு அளக்குற உத்தியோகம்” என்று மட்டும் சொல்லி மீசையைத் தடவிக்கொண்டார். பெண் வீட்டார் நிலம் அளப்பவன் என்று எண்ணிக்கொண்டார்கள். கல்யாணமான மறுநாள் சாயங்காலம் என் சட்டையைக் கழற்றி மோந்து பார்த்த என் மனைவி, “எந்த ஊர் நிலம் இப்படி நாறுது?” என்று கேட்டாள். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. ஒழுக்கம் கிழுக்கம் ஒன்றும் கிடையாது. அந்த வாடை எனக்குக் குமட்டும், அவ்வளவுதான். ஜன்னலுக்குப் பின்னால் மூக்கில் யூக்கலிப்டஸ் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்தே காலத்தை ஓட்டினேன்.

வேலை கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதுமாக இருந்தது. அதில் பாதி, குடித்தவன் வீசும் மங்குக்குக் குனிவது எப்படி என்று கற்றுக்கொள்வது. மங்கு என்றால் கள்ளு ஊற்றிக் கொடுக்கும் பீங்கான் கிண்ணம். காலையில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து கள்ளு டின்கள் கடல் தாண்டிப் படகில் வரும். அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்ட வேண்டும். தேனீ, வண்டு, சில நாள் ஒரு பல்லிகூடத் துணியில் தங்கும். அவையெல்லாம் மிகுந்த ஆனந்தத்தோடு செத்திருக்கும். வடிகட்டியதைப் பீப்பாயில் ஊற்றி அளவு எழுதிய பிறகுதான் கடை திறக்கும். வாங்க வருபவன் என் ஜன்னலில் காசு கொடுத்தால் நான் ஒரு தகரச் சில்லு கொடுப்பேன். அதைக் கொண்டுபோய் உள்ளே நீட்டினால் ஒரு மங்கு கிடைக்கும். மங்கு கடையை விட்டு வெளியே போகக் கூடாது. சில்லு வாங்காதவன் உள்ளே உட்காரக் கூடாது. சாயங்காலம் மிஞ்சிய கள்ளை மேலதிகாரியின் கண் முன்னால் சாக்கடையில் கொட்ட வேண்டும்.

அந்த மேலதிகாரி மிஸ்டர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். சைக்கிளில் வருவார். வெயிலோ மழையோ தலையில் சோலார் தொப்பி இருக்கும். கள்ளை அவர் தொடவும் மாட்டார், முகரவும் மாட்டார். வீரியம் பார்க்கும் கண்ணாடிக் குழாயைக்கூடக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். ஆனால் சாயங்காலம் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டும்போது மட்டும் அந்தத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசிச் சொட்டு விழும்வரை பேச மாட்டார். நான் ஒருநாள் துணிந்து ஏன் என்று கேட்டுவிட்டேன்.

“சர்க்கார் காசு காணும். சாக்கடையிலை போகுது. ஒரு மரியாதை செய்ய வேண்டாமோ?” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கேலியா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி சடையனுக்கு வருகிறேன். மாட்டு வண்டிக்காரன். துறைமுகத்திலிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளுக்கு மூட்டை ஏற்றுவான். ஆள் நல்ல உயரம். மாட்டோடு பேசுவதைப் போலவே மனிதரோடும் பேசுவான், சத்தமாக, பாசமாக. குடித்துவிட்டால் மாட்டுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பான். வேலை முடிந்ததும் நேரே என் ஜன்னல். அவன் மனைவி அஞ்சலை கடை வாசலில் மரத்தடியில் அடுப்பு வைத்து மீன் பொரித்து விற்பாள், மடியில் கைக்குழந்தையோடு. நம்புங்கள், உள்ளே புருஷன் குடிக்க, வெளியே பெண்டாட்டி குடிகாரர்களுக்கு மீன் விற்றுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் கடை திறக்கும் முன் அஞ்சலை என் ஜன்னலுக்கு வந்தாள்.

“கிராணி ஐயா, இந்தாளு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிப் பண்ணி உள்ளங்கையே காய்ச்சுப் போச்சு. சாமிக்கே சலிச்சுப் போயிருக்கும். நான் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த நாகப்பட்டணம் கப்பல்ல நானும் புள்ளையும் ஊருக்குப் போறோம். அதுக்குள்ள இவரு நிறுத்தினா உண்டு. இல்லன்னா இவரும் இவரு மாடும்தான்.”

“என்கிட்ட எதுக்கும்மா சொல்றே?”

“நீங்கதானே ஊத்திக் குடுக்கிறீங்க? உங்ககிட்ட சொல்லாம வேற எவன்கிட்ட சொல்ல?”

நான் ஊற்றுவதில்லை அம்மா, சில்லுதான் கொடுக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. அடுப்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அதே சமயத்தில் கடையில் விற்பனை விழ ஆரம்பித்தது. கந்தையா என்னைக் கூப்பிட்டார்.

“என்ன காணும், சனம் எல்லாம் எங்கை போகுது? நாவிதன் ஒருத்தன் குடியை மறக்கிறதுக்கெண்டு ஒரு சங்கம் நடத்திறானாம். நீர் போய், ஆர் எண்டு சொல்லாமல் ஒரு மூலையிலை இருந்து பாத்துக்கொண்டு வாரும்.”

போனேன். குவீன் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் பக்கிரி அண்ணனின் முடிதிருத்தும் கடை. ஒரே ஒரு நாற்காலி, பாதரசம் உதிர்ந்த ஒரு கண்ணாடி. பக்கிரி அண்ணன் ஒரு காலத்தில் குடித்துவிட்டு ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், பாதி மீசையை எடுத்து அடி வாங்கியவர். அன்றோடு விட்டவர். விளக்கு வைத்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சங்கம் நடக்கும். நான் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டு, ஒரு மூலையில் ஒதுங்கலாம் என்று உள்ளே நுழைந்தேன்.

அறையே எழுந்து நின்றது. “வாங்க கிராணி ஐயா!”

பின்னே? அங்கே இருந்த அத்தனை பேரும் என் ஜன்னலில் வருஷக் கணக்காகச் சில்லு வாங்கியவர்கள். டவுனில் எந்தக் குடிகாரனுக்கும் தெரியாமல் நான் எங்கே போக முடியும்? கந்தையாவுக்கும் எனக்கும் இருந்த புத்தி அவ்வளவுதான். முதல் வரிசையில், அஞ்சலைக்குப் பயந்து வந்த சடையன் வேறு உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“நீங்களுமா ஐயா?” என்றார் பக்கிரி அண்ணன், உருக்கமாக.

இல்லை, வேவு பார்க்க வந்தேன் என்று சொல்ல முடியுமா? “ஆமாண்ணே, நானும்தான்” என்றேன்.

சங்கத்தில் வந்தவன் தன் கதையைச் சொல்ல வேண்டும். அது முறை. எனக்குக் கதை ஏது? ஆனால் ஜன்னல் வழியே பார்த்தது கொஞ்சமா? எடுத்து விட்டேன். கடை மூடியதும் பீப்பாயை அண்ணாந்து குடிப்பேன் என்றேன். போகிற வழியில் டிராம் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அழுவேன் என்றேன். எனக்கே ருசி தட்டிவிட்டது. “காலையில எந்திரிச்சா அகோரப் பசி! எட்டு இட்லி தின்னாத்தான் அடங்கும்” என்று முடித்தேன். பக்கிரி அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார்கள். சடையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆஹா, எல்லாரையும் அழவைத்துவிட்டோமே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

சூடத்தில் சத்தியம் செய்யவும் தயாராகக் கையை நீட்டினேன். பக்கிரி அண்ணன் தடுத்துவிட்டார்.

“இங்க சத்தியம் கிடையாதுங்க. நாம எல்லாருமே சத்தியம் பண்றதுல கெட்டிக்காரப் பயலுவ. அதனால வேற வழி வச்சிருக்கோம்.”

அந்த வழி இதுதான். கள்ளுக்கடையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு மங்குக் கூட்டாளி உண்டு. ஒருவன் வாங்கினால் மற்றவன் வாங்க வேண்டும். கூட்டாளி எழுந்திருக்கும்வரை இவன் எழுந்திருக்கக் கூடாது. எங்கள் ஆட்களிடம் கல்யாணத்தைவிட உறுதியான பந்தம் அது. பக்கிரி அண்ணன் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டிருந்தார். சங்கத்திலும் ஒவ்வொருவனுக்கும் ஒரு கூட்டாளி. தாகம் எடுத்தால் கூட்டாளி எங்கே இருந்தாலும் தேடிப் போய், அவன் முகத்துக்கு நேரே உட்கார வேண்டும். தாகம் போகும்வரை இருவரும் எழுந்திருக்கக் கூடாது.

“சடையனுக்கு இனிமே நீங்கதான் கூட்டாளி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த அறையில் இருந்த ஒருவனுக்காவது உறைக்க வேண்டாமா? சாயங்காலம் தாகம் எடுக்கும் நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? கள்ளுக்கடையில்! ஆக, கள்ளை மறக்கச் சடையன் கள்ளுக்கடைக்கு வர வேண்டும் என்று அந்தச் சங்கம் ஏகமனதாக முடிவு செய்தது. எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் கந்தையாவிடம், “ஏழெட்டுப் பேர் கூடித் தேத்தண்ணி குடிக்கிறாங்க சார்” என்றேன்.

“தேத்தண்ணியோ? அதுக்கு எதிராய் நாங்கள் என்ன செய்யிறது?” என்று யோசித்துவிட்டு, “தொடர்ந்து போம்” என்றார்.

அன்று சாயங்காலமே சடையன் வந்துவிட்டான். சில்லு வாங்கவில்லை. உள்ளே போய், என் ஜன்னலின் உட்புறம் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. சுற்றிலும் பழைய சேக்காளிகள் மங்கோடு, “என்னா சடையா, கிராணிக்குப் பொண்ணு பாக்க வந்தியா?” என்று கேட்கிறார்கள். ஒருவன் வேண்டுமென்றே அவன் வேட்டியில் கள்ளைச் சிந்தினான். சடையனோ, மாட்டைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டு, மறுபடியும் என்னைப் பார்த்தான். கடை மூடியதும் எழுந்து, “தாகம் போயிருச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்படியே நாள் ஓடியது. எனக்கோ தர்மசங்கடம். நான் குடித்தவனே இல்லை. இவனோ, “இம்புட்டுக் கள்ளுக்கு நடுவுல நீங்க கட்டுப்பாடா இருக்கீங்களே, நான் இருக்க மாட்டனா?” என்கிறான். அதைவிடப் பெரிய வில்லங்கம் வாசலில் இருந்தது. அஞ்சலைக்குத் தெரிந்ததெல்லாம், புருஷன் தினமும் கள்ளுக்கடைக்குள் போகிறான், கள்ளு நாறும் வேட்டியோடு வருகிறான் என்பதுதான். அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. நானே போய்ச் சொன்னேன்.

“அம்மா, சத்தியமா அவன் குடிக்கிறதில்ல. சும்மா வந்து உக்காந்திருக்கான்.”

“குடிக்காதவனுக்குக் கள்ளுக்கடையில என்னா வேல?” என்றாள். “நீங்களும் அவரும் சேர்ந்துக்கிட்டு என்னை முட்டாளாக்காதீங்க. பெட்டி கட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை கப்பல்.”

சடையன் நிஜமாகவே விட்டிருந்தான், அதுவும் அந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்து. ஆனால் குழந்தையோடு அவள் கப்பல் ஏறிவிட்டால், மறுநிமிஷம் அவன் பீப்பாயில் தலையை விட்டுவிடுவான். பிறகு எந்தச் சங்கமும் அவனை மீட்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை சம்பள நாள். கடை நிரம்பி வழிந்தது. அன்றைக்குப் பார்த்துக் கந்தையா சோதனைக்கு வந்தார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது பெஞ்சு.

“இவர் ஆர் காணும்? சில்லு எங்கை?”

“சும்மா உக்காந்திருக்கான் சார். தொந்தரவு இல்ல.”

“சும்மா இருக்கிறதுக்கு இது கோயிலோ? வாங்கச் சொல்லும், இல்லாட்டி எழும்பிப் போகச் சொல்லும்.”

சடையன் என்னைப் பார்த்தான். எழுந்து போகலாம். போனால் கூட்டாளி முகம் இல்லை, கையில் சம்பளக் காசு இருக்கிறது, சந்துக்கு அந்தப் பக்கம் சம்சு சாராயம் விற்கிறார்கள். அதை நினைத்தானோ என்னவோ, மடியிலிருந்து காசை எடுத்து ஜன்னலில் வைத்தான். வாங்க வந்தவனுக்குச் சில்லு கொடுக்காமல் இருக்க எனக்கு அதிகாரமில்லை. கொடுத்தேன். அவன் மங்கோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நுரை விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது.

நான் ஜன்னலைச் சாத்தினேன். சம்பள நாளில், வரிசை தெரு வரைக்கும் நிற்கும்போது, என் உத்தியோகத்தில் ஒரே ஒரு தடவை. வெளியே ஊரே கத்தியது. என் தாயார், தமக்கை, முன்னோர் எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தார்கள். நான் போய்ச் சடையனுக்கு எதிரே ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“என்னைப் பாருடா.”

“கை நடுங்குது கிராணி ஐயா.”

“நடுங்கட்டும். மங்கு கையிலதானே இருக்கு, வாயில இல்லையே.”

“வாசம் வருதுங்க.”

“எனக்கும்தான் வருது, குமட்டிக்கிட்டு. ஒக்காரு.”

உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அன்று வேட்டியில் கள்ளைச் சிந்தியவன்கூட மங்கைக் கீழே வைத்துவிட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கால் மரத்துப் போயிற்று. திடீரென்று சடையன் எழுந்தான். மங்கோடு வாசலைப் பார்த்து நடந்தான்.

“மங்கு! மங்கு வெளியிலை போகுது!” என்று கந்தையா அலறினார்.

சடையன் முன்னால், நான் நொண்டியபடி அவன் பின்னால், என் பின்னால் கந்தையா, அவர் பின்னால் கடை முழுக்க. சாமி ஊர்வலம் கெட்டது போங்கள். அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் கையில் நிறை மங்கு. சட்டுவத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“இன்னைக்கு நடு ரோட்டுலயேவா?”

சடையன் அவள் முன்னால் நின்று, மங்கைச் சாக்கடையில் மெதுவாகக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டு வரை. நான் திரும்பிப் பார்க்கிறேன், கந்தையாவின் தொப்பி அவர் நெஞ்சில் இருக்கிறது. சாக்கடையில் கள்ளு விழுவதைக் கண்டதும் கை தானாகக் கழற்றிவிட்டது. பழக்க தோஷம்.

“வாயை ஊது” என்றாள் அஞ்சலை.

ஊதினான். மோந்து பார்த்தாள். மறுபடியும் ஊதச் சொன்னாள். அப்புறம் அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. நடுத்தெருவில், அத்தனை குடிகாரர்கள் முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, தைலத்தால் அல்ல. அழுது முடித்ததும் சட்டுவத்தால் சடையன் முதுகில் ஒன்று வைத்தாள்.

“காசு குடுத்து வாங்கியாடா ஊத்துன, கூறு கெட்டவனே! இங்க உக்காரு. மீனப் பொரட்டு.”

ஞாயிற்றுக்கிழமை கப்பல் போயிற்று. அஞ்சலை போகவில்லை.

ஜன்னலைச் சாத்தியதற்குக் கந்தையா என்னிடம் விளக்கம் கேட்டார். “சில்லு வித்தாச்சு சார், மங்கு திரும்பி வந்தாச்சு, கள்ளு அதிகாரி கண் முன்னால சாக்கடைக்குப் போச்சு” என்றேன். “ஓம், விதிப்படி சரிதான்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து சடையன் வண்டியை அவிழ்த்ததும் வாசலில் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவான். என் ஜன்னலிலிருந்து அவன் முகம் நேராகத் தெரியும். தாகம் எடுத்தால் சட்டுவத்தைத் தூக்குவான், நான் கையைத் தூக்குவேன். ஒரு தீபாவளிக்குச் சறுக்கினான். மறுநாள் நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் இல்லை. அஞ்சலையின் வியாபாரத்துக்கும் குறைவில்லை. கள்ளைவிட அவள் மீனுக்காகவே என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

ஆகவே புதுக் கிராணியிடம் சொன்னேன்: தம்பி, சும்மா வந்து உட்கார்ந்தால் துரத்தாதீர்கள். மேலதிகாரி கேட்டால், பெஞ்சுக்குக் கால் ஒடிந்திருக்கிறது, சரி பார்க்க ஆள் வந்திருக்கிறான் என்று சொல்லுங்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவரிடம் சொல்லாதது இதுதான். நான் ஓய்வு பெற்ற அன்று பக்கிரி அண்ணன் கடையில் எனக்கு மாலை போட்டார்கள். கந்தையாகூட வந்து, தொப்பியை மட்டும் கழற்றிவிட்டுப் போனார். சாக்கடைக்குச் செய்த அதே மரியாதை. பிறகு அஞ்சலை என் முன்னால் ஒரு வாழை இலையைப் போட்டு இட்லி வைக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று எல்லாரும் சத்தம் போட்டு எண்ணினார்கள். எட்டாவது விழுந்ததும் அறையே வெடித்துச் சிரித்தது.

“என்னடா இது?” என்றேன்.

“ஐயா,” என்றான் சடையன், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, “குடிச்சவன் காலையில இட்லிய ஏறிட்டுப் பாப்பானா? கொடலு வெளிய வந்துரும். நீங்க எட்டு இட்லின்னதுமே தெரிஞ்சு போச்சு, நீங்க ஒரு மங்குகூடக் குடிச்சதில்ல, கந்தையா ஐயா அனுப்பி வந்திருக்கீங்கன்னு. அன்னைக்கு சிரிப்ப அடக்க முடியாமதான் சொவத்துப் பக்கம் திரும்பினேன்.”

“தெரிஞ்சா என்னை எதுக்குடா உனக்குக் கூட்டாளியா வச்சாங்க?”

பக்கிரி அண்ணன்தான் பதில் சொன்னார். “நிறுத்தினவன் எவனா இருந்தாலும், எதிர்ல ஒருத்தன் நடுங்கிக்கிட்டு உக்காந்தா, ‘சரி வா, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு’ன்னு எந்திரிச்சிருவான். நானே எந்திரிச்சிருவேன். உங்களுக்கு அந்த எழவே தெரியாது. இந்தப் பயல வேற எவனையும் நம்பி விட முடியல.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் என்னை வைத்துச் சிரித்திருக்கிறார்கள். சங்கத்துக்குப் புதிதாக வந்தவனுக்கெல்லாம் என் இட்லிக் கதையைச் சொல்லித்தான் பயத்தைத் தெளிவித்தார்களாம். திட்டுவதற்கு நல்ல வார்த்தையாகத் தேடினேன். அஞ்சலை சட்னியை ஊற்றிவிட்டு, “சாப்பிடுங்கண்ணே, ஆறிப் போகுது” என்றாள். அதுவரை அவள் என்னைக் கிராணி ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

எட்டையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.